நாலு ரூபாய்க்கு ரசீது

பழங்காநத்தம் வீட்டைக் காலி செய்தபோது
அண்ணன்மார் தேக்கு பீரோவையும்
சாவி கொடுக்கும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.
பரணில் கிடந்த பிஸ்கட் டப்பா எனக்கு.
மூடி துருப்பிடித்திருந்தது.
கரண்டிக் காம்பால் நெம்பினேன்.

உள்ளே இருநூற்றுப் பதினேழு ரசீதுகள்.
மணியார்டர் சேர்ந்ததென்று
அனுப்பியவருக்கே திரும்பி வரும் துண்டுச் சீட்டு.
ரூபாய் நாலு.
அனுப்பியவர் ப. மதுரநாயகம், ரயில்வே கணக்கர், மண்டபம்.
பெற்றவர் அன்னப்பாக்கியம், மேலக்கோட்டை, திருமங்கலம் தாலுகா.
கீழே கறுப்பு மையில் இடது பெருவிரல்.

மதுரநாயகம் என் அப்பாவின் தாத்தா.
பாம்பனில் கடலுக்கு மேல் தண்டவாளம் போட்டவர்களுக்குக்
கூலிக் கணக்கு எழுதியவர்.
அன்னப்பாக்கியம் யார்?
குடும்ப வேதாகமத்தின் முன்தாளில்,
கன்றுக்குட்டி செத்ததைக்கூட எழுதி வைத்திருக்கும் அந்தத் தாளில்,
ரூபவதிதான் இருக்கிறாள்.
அவள் வயிற்று வழியில்தான் நாங்கள் எல்லோரும்.

ராமநாதபுரம் கோயில் பதிவேட்டில் நகல் வாங்க
மூன்று நடை போனேன்.
1913 ஜூன். மணமகள் வயது பதினேழு, கன்னிகை.
மணமகன் வயது இருபத்தொன்பது, தாரமிழந்தவர்.
எழுதியவர் யாரோ,
தாரமிழந்தவரில் அந்த 'ழ' மட்டும்
வேண்டியதைவிட ஒரு சுற்று அதிகம் சுழித்திருந்தது.

1913 ஜூலை: ரூபாய் நாலு, விரல்.
ஆகஸ்ட்: ரூபாய் நாலு, விரல்.

டப்பாவின் அடியில் நாலாய் மடித்த காகிதம்,
திருமங்கலம் மாஜிஸ்திரேட் போட்ட ஜீவனாம்ச உத்தரவு.
கோர்ட்டுக்கு அவள் உயிரோடு இருந்தாள்.
கோயிலுக்குச் செத்துப்போயிருந்தாள்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு பகல் ரயில் தூரம்.

ரசீதுகளை ஏன் எரிக்காமல் வைத்திருந்தார்?
பயம்தான் என்கிறார் என் கணவர்.
பணம் கட்டியதற்குச் சாட்சி வேண்டும்,
சாட்சியே குற்றத்துக்கும் சாட்சி.
கணக்கர்கள் எதையும் எரிப்பதில்லை.

நாலைந்து ராத்திரி தேதி வாரியாக அடுக்கினேன்.
ஒரு பெண்ணைப் பெருவிரல் வழியாக மட்டும்
தெரிந்துகொள்வது எப்படி என்று கேட்காதீர்கள்.
ஆவணியில் ரேகை தெளிவு.
பருத்தி எடுக்கும் மாதங்களில் கீறல், கீறலாக.
1919இல் குறுக்கே ஒரு வெட்டு,
அரிவாளாக இருக்கலாம்,
அது அப்புறம் ஆறவே இல்லை,
கடைசி வரைக்கும் வெள்ளைக் கோடு.
1914 மார்ச் சீட்டில் மட்டும்
அவள் விரலுக்குப் பக்கத்தில்
இன்னொரு விரல், மொச்சைக்கொட்டை அளவு.
மைப்பெட்டிக்குள் கைவிட்டு
அடி வாங்கியிருக்கும்.

1930 ஏப்ரல். இது ரசீது இல்லை,
மணியார்டர் பாரமே முழுசாய்த் திரும்பியிருக்கிறது.
குறுக்கே தபால்காரரின் பென்சில்:
'வாங்க மாட்டேன் என்கிறாள்.'
மொச்சைக்கொட்டை விரலுக்கு
அப்போது பதினெட்டு வயதிருக்கும்.

பத்திர எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
மூலப் பத்திரம் மதுரநாயகம் பேரில், சரி.
"தாரம் ஒண்ணுதானே?"
பெரிய அண்ணன் ஒண்ணுதான் என்றார்.
"வேற வாரிசு யாரும் இல்லையே?"
மின்விசிறி சுற்றியது.
திருமங்கலம் பக்கம் எத்தனை வீட்டில்
அந்த விரலின் ரேகை இருக்குமோ,
யார் கேட்டார்கள்.
வங்கிக் கடன், மகனின் கல்லூரி,
பிரித்த பணம் எங்கெங்கே போகும் என்பதெல்லாம்
எனக்கு மனப்பாடம்.
இல்லை என்றேன், அண்ணனுக்கு முன்பே.

சார்பதிவாளர் மேசையில் சின்னக் கண்ணாடிக் கருவி.
பெருவிரலை வைத்தேன்.
சிவப்பு.
"ரேகை விழலம்மா, துடைச்சிட்டு வைங்க."
சேலைத் தலைப்பில் துடைத்தேன்.
வைத்தேன்.
மறுபடி சிவப்பு.
"இன்னும் அழுத்தி."